பக்கத்து நாற்காலிக்கு ஆள் வருது

டேவிட்சன் காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான். காபி குடித்தான். குளித்தான். சட்டைக்குப் பொத்தான் போட்டான். கதவோரம் இருந்த நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டினான்.

தினமும் இதேதான். ஒரு வருடமாக அந்தப் பை அவனோடு துறைமுகத்துக்குப் போகும், கப்பல் ஏஜென்சி ஆபீசில் அவன் காலடியில் உட்கார்ந்திருக்கும், சாயங்காலம் ஊருக்கு வெளியே புதுக்கோட்டையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும். "ஏலே, உள்ள என்ன முத்தா வச்சிருக்க?" என்று ஆபீஸ் ரோச் அண்ணன் மட்டும் ஒருமுறை கேட்டார். டேவிட்சன் பையைக் காலுக்குள் இழுத்துக்கொண்டான். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

அது ஜெயசெல்வியின் பை. அவள் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைசியாகப் போனில் கேட்டது அந்தப் பையைத்தான். டேவிட்சன் அப்போது துறைமுகத்தில் இருந்தான். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகாமல், ஊரைத் தாண்டி வீட்டுக்குப் போய், வாசலில் கட்டித் தயாராக இருந்த பையை எடுத்துக்கொண்டு திரும்பினான். பை வந்து சேர்ந்தது. அவள் இல்லை. கேட்டவளிடம் கொடுக்க முடியாத பையை வேறு எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. திறந்து பார்க்கவும் இல்லை.

இன்றைக்கு வழக்கத்தில் ஒரு சின்ன மாற்றம். ஆபீசில் அவனைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். விமானத்தில். கூடவே விமான நிலைய லவுஞ்சுக்குள் போக ஒரு அட்டை. அட்டைக்கு இரண்டு பேர்.

லவுஞ்ச் என்பது ஜெயசெல்வியின் கனவு. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து விமானம் தலைக்கு மேல் ஏறும். அவள் விமானத்தைப் பார்க்கவே மாட்டாள். "லவுஞ்சுன்னு ஒண்ணு இருக்காம்லா. மெத்து மெத்துன்னு சோபாவாம். கேக்க ஆளில்லாம திங்கலாமாம். ஒருநா கூட்டிட்டுப் போங்க. பிளேன்லாம் வேண்டாம். அங்கன கொஞ்ச நேரம் இருந்துட்டுத் திரும்பிருவோம்" என்பாள்.

லவுஞ்ச் வாசலில் பிரேமா என்று பெயர்ப்பட்டை குத்திய பெண் அட்டையை வாங்கினாள்.

"எத்தன பேர் சார்?"

"ரெண்டு" என்றான் டேவிட்சன். வாய் அப்படித்தான் பழகியிருந்தது.

பிரேமா அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். "மேடம்?"

திருத்திச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் சொன்னால் அவள் முகம் மாறும். ஐயோ பாவம் என்பாள். ஒரு வருடமாக அந்த முகத்தைப் பார்த்து அவனுக்கு அலுத்துவிட்டது.

"பின்னால வாரா."

"பேரு சார்?"

"ஜெயசெல்வி." அந்தப் பெயரைச் சொல்லி வெகுநாளாயிற்று. சொல்ல நன்றாக இருந்தது.

சோபா நிஜமாகவே மெத்தென்று இருந்தது. பக்கத்துச் சோபாவில் பையை வைத்தான். இரண்டு தட்டு எடுத்தான். தன் தட்டில் பொங்கல். இன்னொன்றில் அவளுக்குப் பிடித்த மாதிரி ஓரம் கருகிய வடையாகத் தேடிப் பொறுக்கி வைத்தான். பிறகு இரண்டு டீ. அவற்றை ஏந்திக்கொண்டு வந்தபோது, தரை துடைத்துக்கொண்டிருந்த முத்துக்கனி தடுத்தாள்.

"பைய போங்க சார், ஈரமா கெடக்கு. வழுக்கிரும்."

மெல்ல நடந்து வந்து உட்கார்ந்தான். ஒரு தொந்திக்காரர் பையைக் காட்டி, "இத எடுத்தா நான் உக்காருவேன்" என்றார்.

"ஆள் வருது" என்றான் டேவிட்சன்.

தொந்திக்காரர் இரண்டு தட்டையும் பார்த்தார். முழுத் தட்டு வடையையும் பார்த்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

டீ ஆறியது. பிரேமா வந்தாள். "மேடத்தோட போர்டிங் பாஸ ஸ்கேன் பண்ணணும் சார். இன்னும் வரலியே?"

"பாத்ரூம் போயிருக்கா."

அது தப்பான பதில் என்பது அவள் திரும்பி, "முத்துக்கா, லேடீஸ்ல ஜெயசெல்வி மேடம் இருக்காங்களான்னு பாருங்க" என்று சொன்னபோதுதான் உறைத்தது.

முத்துக்கனி போய்விட்டு வந்தாள். "ஒரு ஈ காக்கா இல்லம்மா."

"அப்ப வழி தவறியிருப்பா" என்றான் டேவிட்சன், ஒரு பொய்க்கு இன்னொன்றை முட்டுக்கொடுத்து.

"கவலப்படாதீங்க சார். மைக்ல கூப்பிட்டுருவோம்."

"வேண்டாம்" என்று சொல்வதற்குள் அவள் போய்விட்டாள். சற்று நேரத்தில் கூரை ஒலிபெருக்கி பேசியது:

"திருமதி ஜெயசெல்வி அவர்களே, தங்கள் கணவர் லவுஞ்சில் தங்களுக்காகக் காத்திருக்கிறார்."

டேவிட்சன் கையில் பிய்த்த வடையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஒலி அடங்கிய பிறகும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்து அவன் செய்திருக்க வேண்டியது, எழுந்து போய் உண்மையைச் சொல்வது. எழுந்து போகவும் செய்தான்.

"இன்னொரு தடவ கூப்பிடுவீங்களா?" என்றான் பிரேமாவிடம்.

அவள் கூப்பிட்டாள். அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டான். தங்கள் கணவர். தங்களுக்காக. கடைசிச் சொல் முடிவதற்குள் உள்ளேயிருந்து முத்துக்கனியின் குரல் அதை அமுக்கியது.

"ஐயோ! ஆளில்லாம ஒரு பை கெடக்கு!"

ஓடிப் போனான். அதற்குள் தொந்திக்காரர் கதவருகே நின்றார். பாதுகாப்பு அதிகாரி ஜெயசிங் பைக்கு முன்னால் நின்றார்.

"யாரு பை இது?"

"எம் வீட்டுக்காரி பை சார்."

"அவங்க எங்க?"

"வரமாட்டா."

"வாரான்னு சொன்னீராமே? பாத்ரூம்ல இருக்கான்னீராம், வழி தவறிட்டான்னீராம். பயணிகள்ல அப்படி ஒரு பேரே இல்லியே. என்ன வெளையாட்டு இது?"

டேவிட்சன் தரையைப் பார்த்தான். "தவறிட்டா சார். போன வருசம்."

பிரேமா வாயைப் பொத்திக்கொண்டாள். "ரெண்டு தடவ கூப்பிட்டேனே சார்!"

"நல்லா கூப்பிட்டீங்க" என்றான் டேவிட்சன். மனதாரச் சொன்னான்.

ஜெயசிங் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "கஷ்டந்தான் தம்பி. ஆனா ஆளில்லாம கெடந்த பை. உள்ள என்ன இருக்குன்னு நீரு சொல்லணும், நான் தொறந்து பாக்கணும். சரியா இருந்தா எடுத்துட்டுப் போரும். இல்லன்னா பை இங்கன இருக்கும், நீரு மட்டும் பிளேன் ஏறும்."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாது சார். ஒரு வருசமா தூக்கிட்டுத்தான் திரியேன்."

"ஒரு வருசமா தூக்கிட்டுத் திரியேன்னு சொல்லுதீரு!"

"தொறக்கல."

சென்னை விமானத்துக்கு ஆள் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். டேவிட்சன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டான். "இது இல்லாம நான் போமாட்டேன்."

"யாருக்காவது தெரியுமா? போன் போடும்."

டேவிட்சன் ஷெர்லிக்குப் போட்டான். ஜெயசெல்வியின் தங்கை, ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். இப்போது சாத்தான்குளத்தில் டீச்சர். ஜெயசிங் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"என்ன அத்தான், பிளேன் ஏறலியா?" பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"ஷெர்லி, அக்கா பைக்குள்ள என்னெல்லாம் இருந்துச்சு?"

"அக்கா பையா? அது எங்க வீட்டு பீரோலல்லா இருக்கு. ஆஸ்பத்திரில அவ கட்டிலுக்குக் கீழ இருந்தத அம்மா எடுத்துட்டு வந்துட்டாவ."

டேவிட்சன் கையிலிருந்த வாரைப் பார்த்தான். "அப்ப இது?"

"எது?"

ஜெயசிங் குனிந்து பார்த்துச் சொன்னார்: "நீலக் கலரும்மா. ஜிப்புல ஊக்கு மாட்டியிருக்கு."

"ஐயய்யோ, அது எம் பையி! அக்காவுக்குத் தொணைக்கு இருக்க வந்தப்ப ஒங்க வீட்டு வாசல்ல மறந்து வச்சிட்டேன். ரெண்டு நைட்டி, ஒரு தேங்காண்ண டப்பா, பி.எட். கைடு. அந்தக் கைடு இல்லாமத்தான் நான் சைக்காலஜில ஃபெயிலானேன்!"

ஜெயசிங் திறந்தார். நைட்டி. இன்னொரு நைட்டி. ஒழுகிக் காலியான டப்பா. எண்ணெய் ஊறிய கைடு. அவர் அவற்றை மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார். "சரியாத்தான் இருக்கு" என்றார், யாரையும் பார்க்காமல். தொந்திக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்துக்கனி முறைத்ததும் நின்றுவிட்டது.

"எம் பைய நீங்க எதுக்கு அத்தான் தூக்கிட்டுத் திரியிறிய?"

"அவ கேட்டாளே" என்றான் டேவிட்சன். "கடைசியா போன்ல. மழைல லைன் விட்டு விட்டு வந்துச்சு. 'பைய'ன்னா. பெறகு 'வாங்க'ன்னா. எடுத்துட்டு வரச் சொல்லுதான்னுதான் நான் வீட்டுக்குப் போனேன்."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் தேய்ந்தது. ஷெர்லி வகுப்பை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

"அத்தான், அவ காதுல போனப் பிடிச்சிட்டு இருந்தது நான்தான். மழைல நீங்க பைக்க வெரட்டிட்டு வருவியன்னு அவளுக்குப் பயம். 'பைய வாங்க, ஒரு அவசரமும் இல்ல, நான் இங்கன இருந்துக்கிடுதேன்'னா."