பல்லுக்கு விழுந்த சீட்டு

இலவச வைத்தியத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் ஹெல்த் காட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏழு வருஷமாக ஒரு டொக்டரின் வாசலையும் மிதிக்காமல் வாழ்ந்த ஒரே மனிதர் கனடாவில் எங்கள் சீட்டண்ணைதான். அதனால், தான் நாளுக்கு நாள் பணக்காரர் ஆகிக்கொண்டு வருவதாக நம்பிய ஒரே மனிதரும் அவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில், அவரும் நானும் ரமணனும் ஒரு வீட்டில் இருந்தோம். அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் அதைப் பாவித்ததில்லை. பாதிக் கட்டடம் அவரிடம் சீட்டுப் போட்டிருந்தது. மாதா மாதம் எல்லோரும் காசு கட்ட வேண்டும், மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். அவசரம் உள்ளவர் கழிவு கூறி, அதாவது கொஞ்சத்தை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்து, முந்தி எடுப்பார். பொறுத்திருப்பவருக்குக் கடைசியில் முழுதாக வரும். உலகத்தில் நடக்கிற அத்தனையும் சீட்டண்ணைக்கு இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். கனடா அரசாங்கமும்தான்.

"தம்பி, கவுண்மெந்து எண்டுறதும் ஒரு சீட்டுத்தான். சம்பளத்தில மாசாமாசம் வெட்டுறான்தானே? உவன் ரமணன் தடிமன், இருமல் எண்டு ஓடி ஓடித் தன்ரையைச் சில்லறையா எடுத்து முடிச்சிட்டான். நான் ஒருநாளும் தொடேல்லை. என்ர பேரில முழுசாக் கிடக்கு."

"அண்ணை, அது சேமிப்பு இல்லை. வருத்தம் வந்தால் பாப்பாங்கள். வராட்டி ஒண்டும் இல்லை."

"அப்ப வருத்தம் வராதவன் விசரனோ?"

உள்ளறையில் ரமணன் இருமினான்.

வீட்டில் யாராவது இருமினால் குசினிக்குள் இருந்து அவருடைய குரல் வரும். "சுடுதண்ணியைக் குடி. காட்டைத் தொடாதை." தும்மினால் மல்லியும் வேர்க்கொம்பும், அதாவது சுக்கும், அடுப்பில் ஏறிவிடும். ஒரு பனிக்காலத்தில் ஐஸில் சறுக்கி நடைபாதையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தார். பாவம் பார்த்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி அம்புலன்சுக்குப் போன் அடிக்கப் போகிறேன் என்றதும் எழும்பி ஓடிவந்தவர், அந்த மாதம் முழுக்க நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார். நோகுதா என்று கேட்டால், "நோகேல்லை" என்பார். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான். நோகிறது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால் யாராவது டொக்டரிடம் இழுத்துப் போய்விடுவார்கள் என்ற பயம்.

கொழும்பில் இருந்த மனைவிக்கு விசா கிடைத்த கிழமையே, இப்படிக் கட்டிக் காத்த மனிதருக்கு மேல்வரிசை முன்பல்லில் குத்திக் குடையும் கொதி தொடங்கியது.

கலியாணம் முடித்து நாலு மாதத்தில் புறப்பட்டு வந்தவர் அவர். ஏழு வருஷம் மனைவி யோகத்தைக் காணவில்லை. அவவின் விமான ரிக்கெட்டுக்கும் புது வீட்டின் முற்பணத்துக்கும் கையில் இருந்தது எல்லாம் போய்விட்டது. சீட்டுப் பிடிக்கிறவர் என்ற முறையில் முதல் மாதமே தன் பங்கையும் எடுத்து அதற்குள் போட்டிருந்தார். தலை வழுக்கையாகிவிட்டது, வயிறு முன்னுக்கு வந்துவிட்டது. அது எதைப் பற்றியும் அவர் கவலைப்படவில்லை. பல்லுக்காகத்தான் நடுங்கினார்.

"என்ர முகம் மறந்துபோச்சுது, சிரிப்பு மட்டும்தான் ஞாபகத்தில நிக்குது எண்டு எழுதினவள், தம்பி. இப்ப உதுவும் போனா, எதை வைச்சு அவள் என்னைப் பிடிப்பாள்?"

கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வோபர்னில் ஒரு பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பேருந்தில் வழி முழுக்கச் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். டொக்டர் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, வேரில் சீழ் கட்டியிருக்கிறது, இப்போதே பார்த்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றார். சீட்டண்ணை எழுந்து போய், முன்னுக்கு மேசையில் இருந்த தமிழ்ப் பிள்ளையிடம் பெருமையாகக் காட்டை நீட்டினார்.

"சொறி அங்கிள், பல்லுக்கு இது செல்லாது."

"ஏன், பல்லு என்ர உடம்புக்கு வெளியிலயோ கிடக்கு?"

"அங்கிள், it's like... பல்லுக்கு வேற இன்சூரன்ஸ், வேலையிலதான் டென்ரல் பிளான் எண்டு குடுப்பினம்."

அவர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். அங்கே மிஞ்சிய சாப்பாடு கொடுப்பார்கள், பிளான் கொடுப்பதில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"முழுசும் வேண்டாமெண்டு சொல்லு. கழிச்சுப்போட்டுத் தரட்டும்."

மருத்துவக் காப்புறுதியை ஏலத்தில் கேட்ட முதல் மனிதரும் அவராகத்தான் இருக்கும். நான் அதை அந்தப் பிள்ளையிடம் சொல்லாமல் அவரை வெளியே கூட்டிவந்தேன்.

அடுத்த நாளும் அவர் விடவில்லை. அரசாங்கத்தின் இலவச எண்ணுக்குப் போன் அடித்து, தன் பேரில் எவ்வளவு சேர்ந்து கிடக்கிறது என்று கேட்கச் சொன்னார். நான் தயங்கியதும் ரிசீவரைப் பறித்தார். "ஐ நோ சிக். செவன் இயர் நோ சிக். நவ் ஐ ரேக்." இப்போது எடுக்கப்போகிறேன் என்கிறார். மறுமுனையில் இருந்த பெண் என்ன விளங்கிக்கொண்டாளோ தெரியாது, நோயில்லாமல் இருப்பதற்கு வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டாள்.

"பாத்தியே, சந்தோசமாக் கதைக்கிறாள். காசு கிடக்கிறபடியால்தான்."

நானும் ரமணனும் காசு தருகிறோம் என்றோம். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. "ஏழு வருசத்துக்குப் பிறகு வாற மனிசிக்கு முன்னால கடன்பல்லோடயோ நிக்கச் சொல்லுறியள்?" என்று கேட்டுவிட்டு, ஒரு கராம்பை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதன்பிறகு வீடு முழுக்கக் கராம்பு மணந்தது. யோகம் போன் எடுக்கும் நேரங்களில் வாயைப் பாதி திறந்து கதைப்பார். "ஏன் வேற ஆள் மாதிரிக் கதைக்கிறியள்?" என்று அவ கேட்பது அறைக்கு மறுமூலையில் இருந்த எனக்கே கேட்கும். அவர் முகம் வெளுத்துவிடும். போனை வைத்த பிறகு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சிரித்துப் பார்ப்பார். ஒவ்வொரு நாளும் அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாக இழுபட்டுக்கொண்டு வந்தது. விமானம் முந்துமா வீக்கம் முந்துமா என்று ரமணன் கலண்டரையும் அவர் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

வீக்கம்தான் முந்தியது. யோகம் வருவதற்கு மூன்று நாள் இருக்க, காலையில் எழும்பி வந்தவருக்கு ஒரு கண் திறபடவில்லை. தேத்தண்ணியை விழுங்க முடியாமல் துப்பினார்.

"நோகேல்லை," என்றார், கேட்காமலே.

அன்று நாங்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கையாகப் பிடித்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனோம். சீழ் கழுத்துப் பக்கம் இறங்குகிறது, இன்னும் சுணங்கியிருந்தால் மூச்சு அடைத்திருக்கும் என்றார் டொக்டர். யோகத்திடம் போய் என்ன சொல்வது என்பது மட்டும்தான் அப்போது என் மனதில் ஓடியது. கட்டிலில் கிடந்தவர் என் கையைச் சுரண்டினார்.

"காசு எவ்வளவாம் எண்டு கேள்."

கேட்டேன். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் செய்கிறபடியால் எல்லாம் காட்டுக்குள் அடங்கும் என்று தாதி சொன்னா. அதை அவருக்குச் சொன்னதும் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏழு வருஷ வாதத்தையும் ஒரே பார்வையில் வென்றுவிட்டார்.

"நான் சொன்னனான்தானே. விழுந்திட்டுது சீட்டு."

அந்த வெற்றி, அறுவைச் சிகிச்சைக்குக் கொடுத்த மயக்கம் தெளியும் வரைக்கும்தான். கண் விழித்ததும் நாக்கால் தடவிப் பார்த்தார். சீழ் பக்கத்துப் பற்களுக்கும் பரவியிருந்ததால், முன்னுக்கு மூன்று பல் இல்லை.

"எடுத்தாச்சு, சரி. எப்ப வைக்கிறாங்களாம்?"

"எடுக்கிறதுக்கு மட்டும்தானாம் காட், அண்ணை. வைக்கிறதுக்கு இல்லையாம்."

"அப்ப முதலே பல்லைக் காப்பாத்தியிருந்தா அவங்களுக்கும் மலிவாத்தானே முடிஞ்சிருக்கும்," என்றார்.

மூன்றாம் நாள், ரமணன் இரவல் வாங்கிய காரில் விமான நிலையம். ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வந்தவர், வாயைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். முகத்தில் வீக்கம் முழுதாக வற்றவில்லை. "தம்பி, நீ போய்க் கூட்டிக்கொண்டு வா. நான் காரிலை இருக்கட்டே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

யோகம் பெட்டி வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தா. படத்தில் பார்த்ததைவிட மெலிந்திருந்தா. தூணையும் தாண்டி, அவரையும் தாண்டிப் போய்விட்டா. ஓடிப்போய் மறித்தேன்.

"அவர் வரேல்லையோ?" என்று கேட்டா.

நான் தூணைக் காட்டினேன். யோகம் வண்டிலை விட்டுவிட்டு நடந்து வந்து, முன்னால் நின்று, அவருடைய கையைப் பிடித்துக் கைலேஞ்சியை மெல்ல இறக்கினா. வீங்கிய கன்னத்தையும் பல்லில்லாத வாயையும் பார்த்தா. சிரிக்கவில்லை, அழவில்லை.

"நோகுதோ?"

ஏழு வருஷம் எங்கள் எல்லோருக்கும் "நோகேல்லை" என்று சொன்ன மனிதர் சின்னப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

"ஓம் யோகம். சரியா நோகுது."

சொல்லிவிட்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். அந்த ஓட்டைச் சிரிப்பைப் பார்த்துத்தான் யோகமும் அழுதா. சிரிப்பை அவ மறக்கவில்லை, பல்லைத்தான் எண்ணி வைத்திருக்கவில்லை.

காரில் வரும்போது யோகம் இருமினா. விமானக் குளிர் பிடித்திருக்க வேண்டும். ஓட்டிக்கொண்டிருந்த ரமணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். சுடுதண்ணி வரப்போகிறது என்று இருவரும் காத்திருந்தோம்.

"நாளைக்குக் காலமை முதல் வேலையா டொக்டரிட்டைப் போறம்," என்றார் சீட்டண்ணை.

"அக்காவுக்குக் காட் வரக் கொஞ்சக் காலம் செல்லுமே, அண்ணை," என்றான் ரமணன்.

"அதுக்கென்ன? என்ரையில மிச்சம் கிடக்குத்தானே. அவளுக்குக் குடுக்கச் சொல்லுவம்."

வழக்கம்போல அவருக்குச் சட்டத்தை விளக்க வாயைத் திறந்தேன். பின்சீற்றில் யோகம் அவருடைய தோளில் சாய்ந்திருந்தா. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் பிறகு ஒஷாவாப் பக்கம் போய்விட்டார்கள். எனக்கு இருமல் வந்தால் இன்றைக்கும் முதலில் சுடுதண்ணிதான் வைக்கிறேன். அவருடைய காட்டில் மிச்சம் இருந்தது என்றுதான் நானும் நம்புகிறேன்.