கல்லறை ஸ்டாப்பில் ஏறுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்

"யாருங்க இவங்களையெல்லாம் கூப்பிட்டது? பஸ்ல உக்கார எடமில்ல, நிக்க எடமில்ல, மூச்சை உள்ள இழுத்தா வெளிய விட எடமில்ல! யாரு கூப்பிட்டது இவங்களை?"

நெவென்கா அத்தையின் இந்தக் கேள்வியை ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எங்கள் ஊரில் கேட்காத காது கிடையாது. ரொட்டிக்கடை வரிசையில் கேட்பாள். மீன் சந்தையில் நெத்திலியை மோந்து பார்த்துக்கொண்டே கேட்பாள். பூசை நடக்கும்போது பக்கத்தில் முழங்காலிட்டிருப்பவளின் காதில் கேட்பாள். குரலை மூக்குக்கு ஏற்றி, "கூப்பிட்டதூ" என்று கடைசியில் ஒரு இழுப்பு. ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் அத்தனை பேரும் அதைப் பேசிக் காட்டுவோம். அத்தை பின்னால் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான்.

அத்தை மாதிரி ஆட்களின் இனத்துக்கு 'ரகசிய வழிகாட்டி' என்று பெயர் வைக்கலாம். உலகத்தில் எல்லா ஊரிலும் உண்டு என்றாலும், எங்கள் டால்மேஷியக் கடற்கரையில் வெயிலும் உப்பும் பட்டுத் தனி மினுமினுப்போடு வளர்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். கூட்டத்தைக் கண்டால் அதற்குக் குமட்டும். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, கூட்டமே இல்லாத இடத்துக்கு வழி சொல்லியிருக்கும்.

ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து பஸ் வருகிற வேளை பார்த்து அத்தை பஸ் நிலையத்தில் நிற்பாள். கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி, நெஞ்சுக்கு நேரே 'அறை உண்டு' என்று நாலு பாஷையில் எழுதிய அட்டை. அத்தை, இப்பல்லாம் ஜனங்க போன்லயே ரூம் போட்டுடறாங்க என்று சொன்னால், "போன் பெட்டி தூக்குமா?" என்பாள். பஸ் இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தபடிதான் வந்து சேரும். ஏன் சாய்கிறது? 'ஸ்ப்ளிட்ல ஏறினா இடப்பக்கம் உக்காருங்க, கடல் கூடவே வரும், இது யாருக்கும் தெரியாது' என்று போன வருஷ விருந்தாளிகளுக்கு அத்தை சொல்லி, அவர்கள் தங்கள் நாட்டுக்கே சொல்லி, இப்போது டிக்கெட்டில் அச்சடித்த சீட் நம்பரை டிரைவர்கூடப் படிப்பதில்லை.

அந்த பஸ்ஸிலிருந்து ஒரு குடும்பத்தை வளைத்துப் பிடித்து, கன்றுக்குட்டி அளவில் இருக்கும் அவர்களுடைய பெட்டிகளைத் தானே உருட்டி, டவுன் பஸ்ஸின் நடுவாசலில் செருகி, உள்ளே நிற்கிற உள்ளூர்க்காரர்களின் கால் விரல்கள் மேல் நிறுத்தி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு அத்தை உரக்கக் கேட்பாள்: "யாரு கூப்பிட்டது இவங்களை?"

பெட்டியின் கைப்பிடி அவள் கையில்.

வீட்டுக்கு வந்ததும் சடங்கு தொடங்கும். திராட்சைப் பந்தலுக்குக் கீழே காபி. அப்புறம் கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் குவளையில் மூலிகை பிராந்தி. விருந்தாளிகள் ஒரு மடக்கு குடித்துக் கண்ணில் தண்ணீர் வந்து நிற்கிற நேரத்தில், அத்தை இடது பக்கம் பார்ப்பாள், வலது பக்கம் பார்ப்பாள், நாற்காலியை நகர்த்திக் கிட்டே போடுவாள். பேச்சு பாதி இத்தாலி, கால் ஜெர்மன், மீதி கை ஜாடை.

"நாளைக்குக் கடலுக்குப் போறீங்களா? கீழ மார்க்கெட் ஸ்டாப்புல நிக்காதீங்க. அங்க பஸ் வரும், பஸ் போகும், நீங்க நிப்பீங்க. பின்பக்கப் படியில மேல ஏறுங்க. கல்லறை ஸ்டாப். பஸ் அங்கதான் திரும்புது, காலியா இருக்கும். ஜன்னலோரம்! உங்களுக்கு மட்டும் சொல்றேன். வெளிய மூச்சு விடக்கூடாது."

சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலால் கீழ் இமையை ஓர் இழு இழுத்துக் காட்டுவாள். 'விஷயம் நமக்குள்ள' என்று அதற்கு அர்த்தம். விருந்தாளிகளும் பயபக்தியோடு இமையை இழுத்துக்கொள்வார்கள். குழந்தைகூட இழுத்துக்கொள்ளும்.

அத்தையை நினைத்து மட்டும் சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் அறை விடாத வீடு இல்லை. சீசன் வந்தால் சொந்தக் கட்டிலையே வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அடித்தளத்தில் ஒயின் பீப்பாய்களுக்கு நடுவே கால் நீட்டித் தூங்குகிற ஜனங்கள் நாங்கள். வீட்டுக்கு ஒரு பந்தல், பந்தலுக்கு ஒரு நெவென்கா. அத்தனை பேரும் குரலைத் தாழ்த்திச் சொல்வது அந்தக் கல்லறை ஸ்டாப்பைத்தான். எங்களிடம் இருக்கிற ரகசியமே அது ஒன்றுதானே, வேறு எதைச் சொல்வது?

முன்பெல்லாம் அங்கே யார் ஏறுவார்கள்? கல்லறையில் பூ மாற்றிவிட்டு, வாடிய தண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டு, காலி வாளியோடு திரும்பும் விதவைகள். நெவென்கா அத்தையும் அவர்களில் ஒருத்தி. பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள்.

சரி, அந்த ஆகஸ்ட் நாளுக்கு வருவோம். மாதாவின் விண்ணேற்புத் திருநாள். எதிரே தெரிகிற தீவில் அத்தையின் அண்ணன் மகள் திஹானாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தையைக் கையில் தாங்கும் ஞானத்தாய் யார்? நம் அத்தை. கல்யாணமான நாளிலிருந்து திஹானாவைத் துளைத்துத் துளைத்து வாங்கிய பதவி. இதில் ஒரு சிக்கல். தீவுக்குக் காலையில் ஒரே படகு. சாமியாருக்கோ பூசை முடிந்ததும் அடுத்த தீவுக்குப் போயாக வேண்டும், ஒருத்திக்காகவும் காத்திருக்கமாட்டார். அதைவிடப் பெரிய சிக்கல், மாப்பிள்ளை வீட்டு தாரிங்கா. "நெவென்கா வரலைன்னா என்ன, நான் இருக்கேனே" என்று முதல் நாளே தீவுக்குப் போய், புதுச் செருப்பைக் காலில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

அத்தை விடியலிலேயே எழுந்து, மாவை ரிப்பனாக வெட்டி முடிச்சுப் போட்டு, பொரித்து, சர்க்கரைத் தூள் தூவி, பெரிய தட்டில் கோபுரமாக அடுக்கி, மேலே ஒரு துணி போர்த்தினாள். க்ரோஷ்டுலே. மூச்சு பட்டால் நொறுங்கும் பலகாரம். அதை மடியில் வைத்துக்கொண்டு போக உட்கார இடம் வேண்டும். அது எங்கே கிடைக்கும்? சீமாட்டிக்குத் தெரியாதா? கறுப்புப் பட்டு உடை, காதில் பவளத் தோடு, கையில் தட்டு. பின்பக்கப் படியேறிக் கல்லறை ஸ்டாப்புக்குப் போனாள்.

போய் நின்றாள். நின்றபடியே நின்றாள்.

சைப்ரஸ் மரங்களின் நிழலில், மெழுகுவர்த்தி விற்கும் பெண்மணியின் மேசையைச் சுற்றி, ஐரோப்பாவே நீச்சலுடையில் நின்றுகொண்டிருந்தது. குடைகள், துடுப்புகள், ஈரத் துண்டுகள். ஒரு போலந்துக்காரர் இளஞ்சிவப்பில் ஆளுயர ரப்பர் நாரை ஒன்றை ஊதி முடித்து, கல்லறை மதில்மேல் சாய்த்து வைத்திருந்தார். ஓரமாகப் பூவாளியோடு இரண்டு விதவைகள், சிலுவை போட்டுக்கொண்டு.

அத்தை தட்டோடு முன்னே புகுந்தாள். ஒரு செக் நாட்டுக்காரர் மரியாதையாக மறித்தார். அவர் பாஷையும் எங்கள் பாஷையும் பங்காளிகள். மெதுவாகப் பேசினால் புரிந்துவிடும்.

"அம்மா, வரிசை அந்தக் கடைசிலேருந்து."

"வரிசையா? நான் இந்த ஊர்க்காரிப்பா!"

"இருக்கலாம்மா. ஆனா இது ரகசிய ஸ்டாப். எங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்காங்க."

"யாரு சொன்னா?"

"அதைச் சொல்லக் கூடாது. வாக்குக் குடுத்திருக்கோம்." கீழ் இமையை இழுத்துக் காட்டினார்.

வரிசை முழுக்க இமையை இழுத்தது.

பஸ் வந்தது. திறந்த கதவு எதையும் வெளியே விடவில்லை, உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அத்தை முன்வாசலுக்கு வந்தபோது படியிலேயே நாலு பேர். டிரைவர் யோசோ, அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், கையை விரித்தார்.

"எடமில்ல நெவென்கா. அடுத்ததுல வா."

"அடுத்தது வர்றதுக்குள்ள படகு தீவுக்கே போயிடும்யா! அங்க தாரிங்கா புதுச் செருப்போட நிக்கறா!"

"அதுக்கு நான் யாரை எறக்கிவிட? எல்லாம் உன் ஆளுங்க."

"என் ஆளுங்களா? என் வீட்ல இருக்கறதே ரெண்டு ரூம்!"

"வீட்டுக்கு ரெண்டு ரூம். உன் வாய்க்கு எத்தனை?"

அத்தை படியில் ஒரு காலை வைக்கப் பார்த்தாள். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "நெவென்கா!" அவள் வீட்டு ஆஸ்திரியாக்காரி. உடனே பின் சீட்டிலிருந்து இன்னொன்று, ஜன்னலோரத்திலிருந்து இன்னொன்று. "நெவென்கா! நெவென்கா!" போன வருஷத்து விருந்தாளிகள், இந்த வருஷத்தவர்கள், பஸ் நிலையத்தில் வழி மட்டும் கேட்டுக்கொண்டு போனவர்கள். நாலு கைகள் அவளை உள்ளே இழுத்தன. தட்டு தலைக்கு மேலே போனது. கதவு எப்படியோ மூடிக்கொண்டது. அத்தையின் முகம் நாரையின் வயிற்றில் பதிந்தது.

தட்டு பத்திரமான இடம் தேடிக் கைக்குக் கை பின்னால் பயணப்பட்டது. நெவென்கா வீட்டுப் பலகாரத் தட்டு தலைக்கு மேல் போனால் விருந்தாளி என்ன நினைப்பான்? ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். "நன்றி, நெவென்கா!" அவள் சொல்லிக்கொடுத்த அதே உச்சரிப்பு. 'வைங்கடா, அது ஞானஸ்நானத்துக்கு!' என்று கத்தத்தான் பார்த்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. ரப்பர். ஒரு வளைவில் நாரை கொஞ்சம் நகர்ந்தது. கிடைத்த இடைவெளியில் பழக்க தோஷம் முந்திக்கொண்டது:

"யாரு கூப்பிட்டது இவங்களை?"

"நீதான்டி," என்றாள் முன் சீட்டு விதவை, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

துறைமுகத்தில் பஸ் நிற்கும்போது படகுக்காரன் ஏறுபலகையை இழுக்கக் குனிந்துவிட்டான். கைக்குத் திரும்பி வந்த தட்டோடு அத்தை ஓடினாள். பஸ்ஸும் இறங்கிக் கூடவே ஓடியது. ஏன் ஓடாது? தீவில் கோயிலுக்குப் பின்னால் ஒருத்தரும் வராத கடற்கரை ஒன்று இருக்கிறது, அதுவும் அவர்களுக்கு மட்டும் தெரியும். போலந்துக்காரரின் நாரை ஏறுபலகைக் கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. படகுக்காரன் மாதாவையும் புனிதர்களையும் வரிசையாகக் கூப்பிட்டான். பலகையை எடுக்க முடியாமல் படகு உறுமிக்கொண்டு நிற்க, காலித் தட்டும் பட்டு உடையுமாக அத்தை நாரையின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் எழுந்தாள்.

தீவுக் கோயிலில் தாரிங்கா குழந்தையைக் கையில் வாங்கிவிட்டிருந்தாள். சாமியார் புத்தகத்தைத் திறக்கவும் அத்தை வாசலில் நுழையவும் சரியாக இருந்தது. நடைபாதை நெடுக நடந்து போய், "குடு" என்றாள். ஒரே வார்த்தை. தாரிங்கா கொடுத்தாள். குழந்தை தலையில் தண்ணீர் விழுந்தபோது அதைத் தாங்கிய கை நம் அத்தையின் கை.

இதற்குள் உங்களுக்கு ஒரு நிம்மதி வந்திருக்கும், 'நல்லவேளை, நான் அப்படி இல்லை' என்று. அப்படியா? கூட்டமில்லாத சாப்பாட்டுக்கடை, நெரிசலில்லாத குறுக்குச் சந்து, வரிசையில் நிற்காமல் வேலை முடியும் நேரம், இதையெல்லாம் குரலைத் தாழ்த்தி எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? அடுத்த முறை அங்கே கால் வைக்க இடமில்லாமல் நிற்கும்போது, முன்னால் நிற்பவரின் முகத்தை உற்றுப் பாருங்கள். உங்கள் மைத்துனர் மாதிரி இருப்பார். போகட்டும், எங்கள் ஊருக்கு வந்தால் எங்கே பஸ் ஏறுவது என்று உங்களுக்கே இப்போது தெரியும். அட, உங்களிடமும் சொல்லியாகிவிட்டது!

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் விருந்து மேசை. திஹானா தட்டின் துணியைத் தூக்கினாள். அடியில் சர்க்கரைத் தூள், ஓரத்தில் ஒரு பாதித் துண்டு. தாரிங்கா எட்டிப் பார்த்து, யாருக்கும் கேட்காத மாதிரி எல்லாருக்கும் கேட்கச் சிரித்தாள்.

"ஏன் அத்தை," என்றாள் திஹானா, "அந்த வாயை ஒரு வருஷம் மூடி வச்சிருந்தா பஸ் காலியா வந்திருக்கும், தட்டு ரொம்பி வந்திருக்குமே?"

அத்தை அந்தப் பாதித் துண்டை எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று, விரலில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"காலி பஸ்ஸா? எத்தனை வருஷம் அதுல போயிருக்கேன் தெரியுமாடி? அந்த ஸ்டாப்புல எனக்குத் தெரிஞ்சவங்க அத்தனை பேரும் மதிலுக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள்ள கெடக்கறாங்க, ஒருத்தராவது வாயத் தொறந்து 'வா நெவென்கா'ன்னு சொன்னதுண்டா? இன்னிக்கு பஸ்ஸே என் பேரச் சொல்லிக் கத்துச்சு. தட்டு போனா போகட்டும் போ, மாவு எங்க வீட்ல இன்னும் இருக்கு!"