எழுத்துக்கு வந்த காய்ச்சல்

இஸ்ரேலின் ஸஃபேத் மலையில் அந்தக் கோடை முழுக்க ஒரே பேச்சு. ஓவியர் மல்கியேல் வரைந்த எழுத்து சுடுகிறதாம்! தொட்டவர்கள் அழுகிறார்களாம்!

கீழே சமவெளியிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து இறங்கியது கூட்டம். சந்து முழுக்கச் சூரியகாந்தி விதைத் தோல். வீட்டில் விளக்கு மாட்டும் ஆளிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற மகா புத்திசாலிகள், இங்கே வாயைத் திறக்காமல் வரிசையில் நின்றார்கள்.

ஓவியக்கூடத்தின் சுவரெங்கும் கறுப்பு வெல்வெட் தொங்கும். அதன்மேல் இருபத்திரண்டு எபிரேய எழுத்துகளும் தங்க நிறத்தில், எழுத்துக்கொரு படமாக. உங்கள் பெயரின் முதல் எழுத்தில் கை வைக்க வேண்டும். சுட்டால் யோகம். சில்லென்று இருந்தால் தோஷம். தோஷத்துக்குப் பரிகாரமும் அவரிடமே உண்டு, சட்டம் போட்டு, பொட்டலம் கட்டி. ஒரு குடும்பம் போய் அடுத்த குடும்பம் வருவதற்குள் திரை விழும். எழுத்துகள் மூச்சு வாங்குமாம். திரை விலகினால் படங்கள் இடம் மாறியிருக்கும். தாமாகவே மாறிக்கொள்ளுமாம். கால் முளைத்த எழுத்துகள்!

கெயூலா அங்கே பரவசப்பட வரவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மகள் ஷிம்ரித்துக்குக் கல்யாணம். படைப்பின்போது ஆண்டவர் இரண்டு தடவை 'நல்லது' என்று சொன்ன கிழமை. மண்டபம் கிடைக்கவே பெரும்பாடு. மாப்பிள்ளை அவ்னேரின் அம்மா பத்யாதான், "எழுத்து பார்க்காம எங்க வீட்டுல எதுவும் நடக்காது" என்று ஒற்றைக்காலில் நின்று எல்லாரையும் இழுத்து வந்திருந்தாள். முந்தின நாளே தொலைபேசியில் மல்கியேலிடம் பெயர், ஊர், கவலை எல்லாவற்றையும் ஒப்பித்தும் விட்டாள்.

வெள்ளை உடையில் மல்கியேல் வந்தார். பத்யாவின் கையைப் பிடித்து 'பெத்' எழுத்தில் வைத்தார். பெத் என்றால் வீடு.

"ஐயோ, சுடுது! கெயூலா, வந்து தொட்டுப் பாரு, ரொட்டி மாதிரி சுடுது!" பத்யாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"வீடு நிறைஞ்சிருக்கும்மா," என்றார் மல்கியேல். "வாசனை வருதா? அதுதான் ஏதேன் தோட்டம்."

பிறகு ஷிம்ரித்தின் கை 'ஷின்' எழுத்துக்குப் போனது. ஷின் என்றால் நெருப்பு. மூன்று சுடர் மேலே எழும்புகிற வடிவம். தொட்டவள் முகம் வெளுத்தது. ஐஸ் மாதிரி சில்லிப்பு.

"நெருப்பு அணைஞ்சு போச்சு மகளே. இந்தக் கையால எந்த அடுப்பும் எரியாது. பெயர்ல ஒரு எழுத்து சேர்க்கணும். படம் எழுதணும். பண்டிகை எல்லாம் முடியட்டும், அப்புறம் கல்யாணத்தைப் பத்தி யோசிங்க."

"அம்மா, விடுங்கம்மா, செவ்வாய்க்கிழமையே..." என்று அவ்னேர் ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா! உனக்கு அடுப்பைப் பத்தி என்ன தெரியும்?" பத்யா கெயூலா பக்கம் திரும்பினாள். "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. அணைஞ்சு போன பொண்ணை நான் எப்படி வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போவேன்?"

ஷிம்ரித் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று கெயூலாவும் பெத் எழுத்தைத் தொட்டாள். நிஜமாகவே சுட்டது. பழக்கதோஷம், தொட்ட விரலை உதட்டுக்குக் கொண்டுபோனாள். வாசல் நிலையில் மாட்டிய வேத எழுத்தைத் தொட்டு முத்தமிட்டே வளர்ந்த ஊராயிற்றே. விரல் மூக்கைத் தாண்டும்போது நின்றுவிட்டது.

கருகிய பீன்ஸ். பார்லி. சனிக்கிழமைக் குழம்பு!

வெல்வெட்டுக்குப் பின்னாலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். சனிக்கிழமை ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்று வெள்ளிக்கிழமையே பாத்திரத்தை ஏற்றிவைக்கிற மின்சாரத் தட்டு, பிளாட்டா, எத்தனை ராத்திரி அவள் தூக்கத்தில் இப்படி 'டிக்' என்றிருக்கிறது! அங்கே நின்ற அத்தனை பேர் வீட்டிலும் அது இருக்கிறது.

"ஐயா, ஒரு சந்தேகம். சூடு எழுத்துல இருக்கா, இல்ல சுவத்துலயா?"

மல்கியேல் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "சுவரா! இந்தப் படத்தைத் தெருவுல வெச்சாலும் நெருப்பு எழுத்துலதாம்மா இருக்கும்!"

கூட்டம் கைதட்டியது.

"அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு," என்று கெயூலா பெத், ஷின் இரண்டு படத்தையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள்.

"தொடாதே! எழுத்துகள் கோபிக்கும்!"

"ராத்திரி பகல்னு தானா நடக்குற எழுத்துதானே? இன்னைக்கு நான் தூக்கிட்டுப் போறேன், கால் வலிக்காம இருக்கட்டும். சம்பந்தி, கொஞ்ச நேரம் பொறுத்துத் தொடுங்க."

பத்யா பெத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. "ஐயையோ! என் யோகம் எங்க போச்சு?"

"அம்மா, இங்க!" என்று கத்தினாள் ஷிம்ரித். அவள் கைக்குக் கீழே ஷின் கொதித்தது.

கெயூலா வெல்வெட்டை இழுத்தாள். சுவரில் கம்பி போட்டுக் கட்டி நிற்கவைத்த பிளாட்டா, மூலையில் காய்ந்த பீன்ஸ் ஒட்டியபடி, எல்லாருக்கும் தரிசனம் தந்தது. மறுபடியும் ஒரு 'டிக்'.

"அது... சாயம் காயறதுக்கு," என்றார் மல்கியேல்.

"சாயம் காயப்போட்ட தட்டா என் மருமக தலையெழுத்தைச் சொல்லுச்சு?" பத்யா கைப்பையை ஓங்கியபோது, அவர் பின்கட்டு வழியாக ஏதேன் தோட்டத்தைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார். கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது. ஒருவர் மட்டும் கடைசிவரை நின்று, "அந்தத் தட்டை விப்பாங்களா?" என்று பயபக்தியோடு விசாரித்தார்.

செவ்வாய்க்கிழமை கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. பத்யா மருமகளுக்குப் புது பிளாட்டா ஒன்று பரிசளித்தாள். "இதைப் படுக்க வெச்சே சமைம்மா," என்றாள். அவளுக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

எழுத்து அழகானதுதான், வீட்டில் மாட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் எதையாவது தொட்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது ஒரு நொடி நிறுத்துங்கள். உதட்டுக்கு மேலேயேதான் மூக்கும் இருக்கிறது. முத்தமிடுவதற்கு முன்னால் மோந்து பாருங்கள்.