ஓடாத பஸ்ஸுக்கு ஒரு விளம்பரம்

“இன்னா சார், விடிஞ்சதுலருந்து தேரடியில நின்னுகினு கீறேன். உன் பஸ்ஸு வரவே இல்லியே?”

முனியம்மாள் கத்திரிக்காய்க் கூடையை ‘நாலூர் நண்பன்’ பத்திரிகை ஆபீஸ் மேஜைமேல் தொப்பென்று இறக்கிவைத்துவிட்டு இப்படிக் கேட்டாள். ஆசிரியர் கோதண்டராமன் நிமிர்ந்து பார்த்தார்.

“என் பஸ்ஸா?”

“உன் புக்குலதான போட்டுக்கீது? வள்ளி மோட்டார் சர்வீஸு. மண்ணூருல எடுத்து, ஸ்ரீபெரும்புதூரு, வல்லக்கோட்டை வழியா வாலாஜாபாத்து போவுதுன்னு எங்கூட்டுக்காரரு எழுத்துக் கூட்டிப் படிச்சாரு. சந்தைக்குப் போவணும் சார். காயி வாடிடும்.”

புக்கில் போட்டிருந்தது உண்மைதான். பஸ்தான் உண்மை இல்லை.

நடந்தது இதுதான். சுற்றுவட்டார ஊர்களின் திருவிழா, பள்ளிக்கூட ரிசல்ட், கூடவே ஒரு தொடர்கதை என்று மாதாமாதம் அந்தப் பத்திரிகையைக் கோதண்டராமன் தன்னந்தனியாக நடத்தி வந்தார். அறுபத்தேழு, அறுபத்தெட்டு வாக்கில் அது மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ரைஸ்மில் நடேச முதலியார் வருஷம் முழுக்கப் பின்னட்டையை எடுத்துக்கொண்டால் பிழைக்கும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். மூடினால் அவருக்கு ஒரு வேலை தயாராக இருந்தது, மச்சானுடைய செங்கல் சூளையில் கணக்குப்பிள்ளை. அந்த மச்சானுக்குக் கீழே உட்காருவதைவிடச் சூளைக்குள்ளேயே போய் உட்காரலாம் என்பது அவர் அபிப்பிராயம்.

முதலியாரிடம் போய் நின்றபோது அவர் பத்திரிகையை முன்னும் பின்னும் புரட்டினார்.

“இதுல சைக்கிள் கடைய விட்டா வேற எவன் விளம்பரம் போட்டிருக்கான்? பெரிய கம்பெனி ஏதாவது போடட்டும், அப்புறம் வா.”

பெரிய கம்பெனிக்கு எங்கே போவது? கோதண்டராமன் தானே ஒரு கம்பெனியை உண்டாக்கினார். அச்சகத்தில் பழைய பஸ் படம் ஒன்று தூசி படிந்து கிடந்தது. அதை எடுத்து அரைப் பக்கத்துக்கு விட்டு, கீழே வள்ளி மோட்டார் சர்வீஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டார். இத்தனை வருஷத்தில் தன் தலையங்கத்தையே ஒருத்தரும் படித்துத் தொலைத்ததில்லையே, விளம்பரத்தை எவன் படிக்கப்போகிறான் என்ற தைரியம்தான்.

இப்போது அந்த ‘எவன்’ கூடையோடு எதிரே நிற்கிறாள். உண்மையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் முதலியார் காதுக்குப் போய்விடும்.

“டயர் பஞ்சர்மா,” என்றார்.

“அதான பாத்தேன். பஸ்ஸுன்னா பஞ்சர் ஆவாம இன்னா?” என்று முனியம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டாள். வாழ்க்கையில் கோதண்டராமன் சொன்ன ஒன்றை மறுபேச்சில்லாமல் ஒருத்தர் நம்பியது அன்றைக்குத்தான்.

நம்பியவள் சும்மா இருந்தாளா? வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அதுவரை அப்படி ஒரு பஸ் இருக்கிறதா என்று சந்தேகப்பட்டவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. பஞ்சர் ஆனது என்றால் டயர் இருக்கிறது. டயர் இருந்தால் பஸ் இருக்கத்தானே வேண்டும். மறுநாள் தேரடியில் ஒரு கல்யாணக் கூட்டம் நின்றது.

 கோதண்டராமன் அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே ஓர் அறிவிப்பைப் போட்டார்: ‘வள்ளி மோட்டார் சர்வீஸ் பஸ்ஸின் நேரம் மாற்றப்பட்டுள்ளது. புதிய நேரம் பின்னர் தெரிவிக்கப்படும்.’

விஷயம் அதோடு ஆறிப்போகும் என்று மனுஷர் நினைத்தார். நேரம் தெரியாது என்றால் நம் ஜனங்கள் வீட்டுக்கா போவார்கள்? எந்த நேரமும் வரலாம் என்று நாள் முழுக்க நின்றார்கள். சுண்டல்காரன் ஒருவன் தேரடியில் கடையே போட்டுவிட்டான். கோதண்டராமன் அந்தப் பக்கம் தலைகாட்டுவதையே விட்டார். ஆபீசுக்குக் குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு வந்து, கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒருநாள் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு சூசைராஜ் வந்தார். மண்ணூர் மாதா கோயில் உபதேசியார். பொய் சொல்லத் தெரியாதவர். தப்பித்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கே ஓடிப்போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிறவர்.

“சார், ஒரு புகார். வாசகர் கடிதத்துல போட்டே ஆவணும்.”

“சொல்லுங்க உபதேசியாரே. குளத்துத் தண்ணி விஷயமா?”

“இல்ல. நேத்து வள்ளி மோட்டாருல வாலாஜாபாத்து போனேன். கண்டக்டருக்கு வாய்ல மரியாதையே கெடையாது. தள்ளி நில்லுயா தள்ளி நில்லுயான்னு நெஞ்சு மேலயே கைய வெச்சுத் தள்றான்.”

கோதண்டராமன் பேனாவைக் கீழே வைத்தார். 

“எதுல போனீங்க?”

“வள்ளி மோட்டார் சர்வீஸுல.”

“கூட்டத்துல வேற ஏதாவது பஸ்ல மாறி ஏறியிருப்பீங்க.”

“நான் படிக்காதவனா சார்? போர்டைப் பாத்துதான் ஏறினேன்.”

 அதற்கப்புறம் வந்ததெல்லாம் அடிமேல் அடி. வல்லக்கோட்டைக் கோயில் வாசலிலேயே பஸ் நிற்க வேண்டும் என்று ஒருத்தர் மனு கொடுத்தார். இன்னொருத்தர் பஸ்ஸில் குடையை விட்டுவிட்டாராம், ஆசிரியர்தான் வாங்கித் தர வேண்டுமாம். ஊருக்கே பைத்தியம் பிடித்துவிட்டதா, அல்லது தனக்கா என்று கோதண்டராமனுக்குப் புரியவில்லை. பயத்தில் இரண்டு வேளை காப்பியைக்கூட மறந்துவிட்டார்.

கடைசியில் மத்தியானச் சாப்பாட்டின்போது மனைவி லீலாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

“லீலா, ஒண்ணு சொல்றேன், பதறாத. அந்த வள்ளி மோட்டார் சர்வீஸ் இருக்கே, அது நானா இட்டுக்கட்டினது. அப்படி ஒரு பஸ்ஸே கெடையாது.”

லீலா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். “என்ன சொல்றீங்க? வெள்ளிக்கிழமை நான் அதுலதானே வல்லக்கோட்டை போய் முருகனைப் பாத்துட்டு வந்தேன்?”

சோறு புரையேறியது. கோதண்டராமனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“ஏறத்தான் கொஞ்சம் கஷ்டம். ஸ்டூல் போட்டு ஏத்தினாங்க,” என்றபடி லீலா அவர் தலையில் தட்டினாள். “உங்க பேரைச் சொன்னேன். டிக்கெட்டே கேக்கல. டிரைவர் பக்கத்துலயே எடம் குடுத்தாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்க பத்திரிகை பஸ்ஸு. உங்களுக்கே தெரியாதுன்னு நான் என்னத்தைக் கண்டேன்?”

கோதண்டராமன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். இதற்கு ஒரு முழுக்குப் போட்டாலொழியத் தூக்கம் வராது. அன்றைக்கே ஒரு நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டச் சொன்னார்: ‘வள்ளி மோட்டார் சர்வீஸ் இன்றுடன் நிறுத்தப்பட்டது.’

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் நாலு ஊர் ஜனமும் நின்றது. முன்னால் முனியம்மாள்.

“யாரைக் கேட்டு நிறுத்தின? நல்லா ஓடிக்கினு இருந்த பஸ்ஸு. இப்ப என் காய யாரு தலையில வெச்சுகினு போறது?”

“பஸ்ஸை விடாட்டி மறியல்தான்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

முதலியார் பின்னட்டை போனால் போகட்டும், மச்சான் சூளையே கதியென்று ஆனாலும் ஆகட்டும் என்று கோதண்டராமன் ஸ்டூல்மேல் ஏறி நின்றார். 

“எல்லாரும் என்னை மன்னிக்கணும். அது பொய் விளம்பரம். அப்படி ஒரு பஸ் இல்லவே இல்ல.”

 சூசைராஜ் மெல்ல நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். முனியம்மாள் ஆசிரியரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் கோபமெல்லாம் வடிந்துபோயிற்று.

“பாவம், எழுதி எழுதியே இப்பிடி ஆயிட்டாரு,” என்றாள். “இறங்கு சார். கைய புடி. பஸ்ஸு வர்ற நேரந்தான், வந்து உன் கண்ணால பாரு.”

தேரடிக்கு அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டே போனார்கள். போய் நிற்கவும் ஹாரன் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு லாரி வந்து நின்றது. மேலே தார்ப்பாய், உள்ளே இரண்டு பக்கமும் பெஞ்சுப் பலகை. நெற்றியில் ‘வள்ளி மோட்டார் சர்வீஸ்’ என்று அவருடைய கொட்டை எழுத்தைப் பார்த்து எழுதிய போர்டு. ஜனங்கள் அவரை மறந்துவிட்டு முண்டியடித்து ஏறினார்கள்.

கோதண்டராமன் வாயைத் திறந்தவர் மூடவில்லை. தோல்பையும் கையுமாகக் குதித்த கண்டக்டர் சுப்பன், ஆசிரியர் என்று யாரோ சொன்னதும் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டான்.

“யாருதுப்பா இந்த வண்டி?” என்று கேட்டார்.

“நம்ம நடேச முதலியார் வண்டி சார். ரைஸ்மில் லாரி, நெல்லு ஏத்தாத நாளுல சும்மாதான நிக்கும். உங்க புக்கைப் பாத்துட்டு இந்தாண்ட இத்தினி ஜனம் நிக்கறத முதலாளி பாத்தாரு. போர்ட மாட்டு, வண்டிய எடுன்னுட்டாரு.”

 கோதண்டராமனுக்கு மெல்ல மெல்ல முகம் மலர்ந்தது. முதலியாரே நம்பிவிட்டார். விளம்பரம் போட்டால் கூட்டம் கூடும் என்று கண்ணாலேயே பார்த்துவிட்டார். இனிமேல் அந்தப் பின்னட்டையை வேறு யாருக்கு விட்டுக்கொடுக்கப்போகிறார்? மச்சானாவது சூளையாவது. அவர் சுப்பன் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

“தம்பி, பின்னட்டை விளம்பரத்தைப் பத்தி முதலியார் ஏதாச்சும் சொன்னாரா?”

“சொன்னாரு சார். நம்ம வெளம்பரந்தான் ஓசியிலயே நல்லா ஓடிக்கினு கீதே, துட்டு குடுத்து இன்னொண்ணு எதுக்குடான்னாரு.”