கண்டென்சரும் செத்துப்போன ட்வீட்டர்களும்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை இருக்கிற அத்தனை தொழிற்சாலைகளும் சேர்ந்து கெடுத்த தூக்கத்தை ஒரு தட்டிலும், எங்கள் ரூம்மேட் கண்டென்சர் தனி ஆளாகக் கெடுத்த தூக்கத்தை இன்னொரு தட்டிலும் வைத்தால், கண்டென்சரின் தட்டுதான் தரையைத் தொடும். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அவர் பக்கத்தில் ஒரே ஒரு பகல் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பாக்கியம் வருஷக்கணக்கில் கிடைத்தது. அந்த அசதி இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கே கொட்டாவி வருகிறது.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு லைன் வீடு. அதில் ஒரு ரூம், மூன்று பேர். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். ஏழுமலை திருவண்ணாமலைப் பக்கம், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். மூன்றாமவர் கண்டென்சர், வாலாஜாபாத்துக்காரர், எங்கள் இருவருக்கும் மூத்தவர். இரும்புத் தகட்டை அடித்துக் கார் கதவாக்கும் பிரஸ் ஷாப்பில் ரொம்ப காலமாக வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருடைய ஐடி கார்டில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கண்டென்சர் என்ற பெயர் வந்த கதை இது. ஒரு சித்திரை மாதத்துப் பகல். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து செத்த பிணம் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று முழித்துப் பார்த்தால் உடம்பெல்லாம் வேர்வை, தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் தொங்குகிறது. கரண்ட் போய்விட்டதா என்றால் இல்லை, மூலையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்து இளித்துக்கொண்டிருக்கிறார்.

“ஃபேனுக்கு என்னண்ணே ஆச்சு?”

“அதுல இருந்த கண்டென்சர கழட்டி ட்வீட்டர் ஸ்பீக்கருக்குப் போட்டுட்டேன்டா. இன்னா சவுண்டு கேளு! ஃபேனுக்கு சாயங்காலம் வேற வாங்கிக்கலாம், எங்க ஓடிடப் போவுது?”

ஃபேன் எங்கும் ஓடவில்லை. அதுதான் பிரச்சினையே.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே லட்சியம். கடையில் வாங்காமல், சொந்தக் கையால் மூன்று ஸ்பீக்கர் வைத்த பெட்டி ஒன்று கட்ட வேண்டும். பெட்டிக்கான பலகை, கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மிஷின் வருகிற மரப்பெட்டிகளை உடைத்து விற்கும் கடையில் வாங்கியது. அதில் குடைப் படமும் கண்ணாடிக் கோப்பைப் படமும் அச்சடித்திருக்கும். நனையக்கூடாது, உடையக்கூடாது என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்கார அம்மா அந்தக் கோப்பையைப் பார்த்துவிட்டு, “பசங்களா, என் வூட்டுல பாரு கீரு தொறந்துடாதீங்க” என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பெட்டி சுலபம். அதற்குள் இருக்கிற கிராஸ்ஓவர்தான் எங்கள் உயிரை எடுத்தது. அது என்ன என்று ஏழுமலை ஒருமுறை தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டான்.

“நம்ம கம்பெனி கேட்டு மாரிடா. ஸ்டாஃபு ஒரு வழி, கான்ட்ராக்ட் ஒரு வழி, லாரி ஒரு வழின்னு செக்யூரிட்டி பிரிச்சி வுடறான்ல? பாட்டுலயும் மூணு கூட்டம் கீது. தம்முதம்முனு வர்றது பெரிய ஸ்பீக்கருக்கு. பாடறவன் கொரலு நடு ஸ்பீக்கருக்கு. சலங்க, ஜால்ரா எல்லாம் மேல இருக்கிற குட்டி ட்வீட்டருக்கு. காயிலும் கண்டென்சரும்தான் செக்யூரிட்டி. இதுக்குத் தனியா கரண்டு கூட வாணாம்.”

“சம்பளம் இல்லாத செக்யூரிட்டின்னு சொல்லு” என்றான் ஏழுமலை.

காயில் என்பது கம்பிச் சுருள், அதை அவரே சுற்றுவார். மோட்டார் ரீவைண்டிங் கடையில் வாங்கிய செம்புக் கம்பியை ஒரு பசை டப்பாவின் மேல் ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். நடுவில் எவனாவது பேசினால் கணக்கு விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து. அதனால் ரூமில் ஊமைகள் மாதிரி சைகையில் பேசிக்கொள்வோம். ஒருநாள் வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்று, “மோட்டார போட்டுட்டு ஆஃப் பண்ணாம போனது யாருப்பா? டேங்கு நிரம்பி வழியுது” என்று கேட்டார். “நூத்தி நாப்பத்திரெண்டு” என்றார் கண்டென்சர். அந்த அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, தானே போய் மோட்டாரை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு காயிலையும் எதிரெதிரே வைக்கக்கூடாது என்பார். வைத்தால் ஒன்றின் சமாச்சாரம் இன்னொன்றுக்குப் போய்விடுமாம். பங்காளிச் சண்டை போட்டவர்கள் மாதிரி ஒன்றை நிற்கவைத்து, ஒன்றைப் படுக்கவைப்பார். பிரஸ் ஷாப்பில் சத்தத்துக்காகக் காதில் வைத்துக்கொள்ளக் கொடுக்கிற பஞ்சு அடைப்பான்களைக் காதில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிர்வு தரையில் இறங்காமலிருக்கப் பெட்டிக்கு அடியில் கால்களாக ஒட்டியிருந்தார். “எப்பிடி நம்ம ஐடியா!” என்று பெருமை வேறு. நாங்களும் கைதட்டினோம்.

அவர்மேல் எங்களுக்குப் பொறாமை ஒன்று இருந்தது. கொசு. எங்களைக் கடிப்பதற்கு முன் காதருகே ஒரு கச்சேரி வைத்துவிட்டுத்தான் கடிக்கும். அவர் மட்டும் அசையாமல் தூங்குவார். “நம்மகிட்ட வந்து பாடறதே இல்லடா, நேரா கடிச்சிட்டுப் போயிடுது” என்பார். கொடுத்துவைத்தவர் என்று நினைத்தோம்.

பெட்டி ஒருவழியாகப் பாட ஆரம்பித்தது. பாடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. குரல் நன்றாக இருந்தது, தம்முதம்மும் நன்றாக இருந்தது. ட்வீட்டர்தான் தகரத்தில் ஆணியால் கீறுவது மாதிரி கத்தியது. ஆனால் அவருக்கோ ட்வீட்டர் பத்தவில்லை. “மேல் சத்தமே இல்லியேடா” என்று அடிக்கடி ட்வீட்டரை மாற்றுவார். கழற்றியதையெல்லாம் ‘செத்துப்போச்சு’ என்று ஒரு சாக்கில் போட்டுவைப்பார். ட்வீட்டரின் சத்தத்தைக் குறைக்க முதலில் ஒரு வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் வைத்திருந்தார். “இதுதான்டா சத்தத்த முழுங்குது” என்று அதையும் பிடுங்கிப் போட்டார். அவருக்கு செகண்ட் ஷிஃப்ட், எனக்கு நைட் என்றால் காலை முழுக்க நான் அவர் கையில். தலையணையை முகத்துக்கு மேலே வைத்துக்கொண்டுதான் தூங்கப் பழகினேன்.

கடைசியில் வீட்டுக்கார அம்மா படியேறி வந்தார்.

“இன்னாப்பா இது, காதுல ஊசிய வுட்டு ஆட்டறா மாரி கீது? எங்க வூட்டு நாயி வெளிய போனது இன்னும் உள்ள வரல. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்பிடியே கத்திக்கினு இருந்துச்சுன்னா, பொட்டியத் தூக்கிக்கினு மூணு பேரும் கெளம்பிடுங்க.”

இந்தப் பக்கத்தில் கல்யாணம் ஆகாத பையன்களுக்கு வீடு கிடைப்பதைவிட வேலை பெர்மனன்ட் ஆவது சுலபம். கண்டென்சர் மட்டும் தெம்பாக இருந்தார். “மேல் சத்தம் சரியா இல்ல, அதான் ஓனரம்மாவுக்குப் புடிக்கல. புது ட்வீட்டரு போட்டுடறேன், அப்புறம் பாரு.”

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்கும் லீவு. புது ட்வீட்டரை மாட்டினார். எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஸ்பீக்கராகத் தனியாக விட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னார். பெரியதை மட்டும் விட்டார், சரி. நடு ஸ்பீக்கர், அதுவும் சரி. கடைசியில் ட்வீட்டர் மட்டும். ஏழுமலை இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். என் பல் கூசியது. கண்டென்சர் வால்யூமை ஏற்றினார். ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“செத்துட்ச்சுடா. புதுசு, அதுக்குள்ள செத்துட்ச்சு.”

ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வால்யூமைக் குறைத்துவிட்டு, சாக்கைக் கவிழ்த்துச் செத்துப்போன ட்வீட்டர்களை எடுத்து வரிசையாக மாட்டினான். முதலாவது கத்தியது. இரண்டாவதும் கத்தியது. அவர் மட்டும், “இதுவும் இல்ல, இதுவும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் ஏழுமலை சிரிப்பதை நிறுத்திவிட்டான். மிச்சத்தை மாட்டவில்லை.

“அண்ணா, எல்லாமே நல்லாத்தான் கத்துது” என்றான் மெதுவாக.

அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். “உங்களுக்குக் கேக்குதா?”

நான் தலையாட்டினேன். அவர் பெட்டியை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சாக்கிலிருந்து கொட்டிய ட்வீட்டர்களைப் பார்த்தபடியே சொன்னார்.

“மெடிக்கல் செக்கப்புல ஒரு சின்ன ரூமுல உக்கார வெச்சி, காதுல ஹெட்ஃபோன மாட்டி, சத்தம் கேட்டா பட்டன அமுக்குன்னாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. வேலைய வுட்டு எடுத்துடுவானுங்களோன்னு சும்மாவே அமுக்கிக்கினு இருந்தேன். காது நல்லா கீதுன்னு எய்திக் குட்த்துட்டாங்க. நானும் நம்பிட்டேன்டா.”

அவர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். சட்டென்று நிமிர்ந்து, “அப்ப இத்தினி நாளா நீங்க ரெண்டு பேரும் எப்பிடிடா தூங்கினீங்க?” என்றார்.

“எங்கண்ணா தூங்கினோம்?” என்றான் ஏழுமலை.

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் திருப்புளியை எடுத்து ட்வீட்டர் ஒயரைக் கழற்ற ஆரம்பித்தார். “போதும்டா. காது இல்லாதவனுக்கு இன்னா பொட்டி? பலகைய அந்தக் கடைக்காரன்கிட்டயே குட்த்துடலாம்.”

பெட்டி போனால் எங்களுக்கு ரூம் தப்பிக்கும், தூக்கம் திரும்பி வரும். நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் குனிந்து கழற்றிக்கொண்டிருந்த அந்தக் கழுத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

“அந்த வெள்ளை ரெசிஸ்டர எங்க போட்டிய?” என்று கேட்டேன்.

அன்றைக்கு முழுக்க அவர் மாட்டினார், நாங்கள் கேட்டோம். ஒரு ரெசிஸ்டரைப் போடுவார், பாட்டை விடுவார். சலங்கை கேட்டால் கை தூக்க வேண்டும், காதைக் குத்தினால் இறக்க வேண்டும். “பொய்யா மட்டும் தூக்காதீங்கடா” என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் எங்களுக்கு விளையாடத் தோன்றவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கார அம்மா சண்டைக்குத் தயாராக வந்தார். வாசலிலேயே நின்று ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். “இன்னாப்பா, இன்னிக்கு மெத்துனு கீது? எங்கூட்டு சமயக்கட்டு வரைக்கும் வரலியே. இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கிறது!” என்றார். கண்டென்சர் என் முகத்தைப் பார்த்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

மறுநாள் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, கயிறு கோத்த புதுக் காதடைப்பான் ஒன்றை ஏழுமலை அவர் கழுத்தில் மாலையாகப் போட்டுவிட்டான். “இது பொட்டிக்கு இல்ல, உனக்கு” என்றான்.

கல்யாணமாகி நான் குன்றத்தூர் வந்துவிட்டேன். அவர் இன்னும் அதே ரூமில்தான், அடுத்தடுத்த பெட்டி கட்டிக்கொண்டு இருக்கிறார். முடிந்ததும் ஃபோன் வரும்: “வந்து கேட்டுச் சொல்லுடா.” ஓ.டி. பார்த்த உடம்பு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் தூங்கக் கிடைப்பது, வீட்டில் திட்டு வேறு. முனகிக்கொண்டேதான் பஸ் ஏறுகிறேன். அங்கே போனால் அவர் பெட்டியைப் பார்ப்பதில்லை, என் கையைத்தான் பார்க்கிறார்.

போன வாரம் சுவரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் கையைத் தூக்கினேன்.

“டேய், தூக்கத்துல சும்மா தூக்கறியா?”

“இல்லண்ணே, கேக்கு.”

நிஜமாகவே கேட்டது. பாட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு சலங்கை. கண்ணை மூடிக்கொண்டு அவருக்கும் சேர்த்துக் கேட்டேன்.