ஆடி மாசத்து நெருப்புக்கோழி

காலண்டரைக் கண்டுபிடிச்சவன் கண்டிப்பா கல்யாணம் ஆனவனாத்தான் இருப்பான். பொண்டாட்டி கேக்குறதத் தள்ளிப்போட அதைவிட நல்ல கருவி உலகத்துல கிடையாது.

எங்க வீட்டு அடுப்படிக்குத் தகரக் கூரை. மாரியூர் வெயிலுக்கு அதுல தோசையே ஊத்தலாம். கீழ நிக்கிற என் பொண்டாட்டி முருகலட்சுமிக்குக் கழுத்து பூரா வேர்க்குரு. தகரத்தப் பிரிச்சு ஓடு போடுங்கன்னு சித்திரையில கேட்டா. அக்கினி நட்சத்திரத்துல கொத்தனாரு மேல ஏறுனா கருகிப்போவாருன்னேன். வைகாசியில முகூர்த்தம், ஆளு சிக்காதுன்னேன். ஆனியில கூரையில கை வச்சா ஆகாதுன்னேன். இப்ப ஆடி. கேக்கவா வேணும்! ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், ஓடு நிக்குமான்னேன்.

கையில காசு இல்லாம இல்ல. சாயல்குடியில ஜெராக்ஸ் கடை நல்லாத்தான் ஓடுது. ஆனா வேலைன்னு ஆரம்பிச்சா மண்ணு சுமக்கணும், ஓடு எடுத்துக் குடுக்கணும். என்னால ஏலாது. சோம்பேறின்னு நீங்க சொல்லலாம். அவளும் அதத்தான் சொல்றா.

கொத்தனாரு முத்துகிருஷ்ணன அவளே போயிக் கூப்பிட்டுப் பாத்திருக்கா. "காளிதாஸ் அண்ணன் ஆடி கழியட்டும்னுட்டாரு மதினி. ஆடியில பாக்கலாம்னு அவரு வாயால சொல்லட்டும், மறுநாளே வாரேன்"ன்னுட்டாராம். என் வாய் மேல எனக்கு நம்பிக்கை இருந்துச்சு.

போன ஞாயித்துக்கிழமை கட்டில்ல படுத்துக்கிட்டு மிருகக்காட்சி சாலை நடத்திக்கிட்டு இருந்தேன். எல்லாம் செல்போன் கேம்லதான். சிங்கத்துக்குக் குகை, முதலைக்குக் குளம், அம்புட்டும் நானே கட்டுனது. அன்னைக்குப் புதுசா ஒரு நெருப்புக்கோழி வந்துச்சு. மணல் தரை, சுத்தி வேலி, தண்ணித் தொட்டி எல்லாம் வச்சுக் குடுத்தேன். ஆனாலும் அதோட தலைக்கு மேல இருக்குற திருப்திக் கணக்கு தொண்ணூறுல இருந்து சரசரன்னு எறங்குது. இருபதுக்குக் கீழ போனா கோழியத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

"அய்யய்யோ!"ன்னு கத்திட்டேன்.

கரண்டியும் கையுமா ஓடி வந்தா முருகலட்சுமி. வேர்வையில சேலை முதுகோட ஒட்டியிருந்துச்சு.

"என்னங்க, தேளு கொட்டிருச்சா?"

"நெருப்புக்கோழிக்கு ஒடம்பு சொகமில்ல புள்ள."

"அதுக்கென்னவாம்?"

"வெக்கை தாங்கலையாம். மேல நெழலில்லையாம்."

போனை எட்டிப் பாத்தா.

"நெருப்புல வேகுறது நானு, பேரு மட்டும் அதுக்கா?"

சுருக்குன்னு இருந்துச்சு. அவ கழுத்தப் பாத்தா எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு. ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கலாம்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

"இருங்க, அடுப்ப அமத்திட்டு வாரேன்"ன்னு போனவ, செத்த நேரத்துல வந்து கட்டில் ஓரத்துல உக்காந்தா. ஒரு கை முந்தானைக்குள்ள இருந்துச்சு. என்னைக்கும் இல்லாத அக்கறை.

"அதுக்கு ஒரு கொட்டகை போடலாமுல்ல?"

"அதத்தான் போடப் போறேன்."

"இப்பயா? ஆடியாச்சேங்க! ஆவணி வரட்டும்."

"ஆவணிக்குள்ள அது போய்ச் சேந்துரும்!"

"அதுக்காகச் சாத்திரத்த மீறலாமா? நீங்கதான சொன்னீக?"

கணக்கு இருபத்தஞ்சுக்கு வந்துருச்சு. எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"ஏ கூறு கெட்டவளே! ஒரு சீவன் வெக்கையில துடிக்குது. நாளும் கெழமையுமா பாத்துக்கிட்டு இருப்பாக? ஆடியாவது ஆனியாவது!"

"அப்ப ஆடியில கூரை வேலை பாக்கலாங்குறீக?"

"தாராளமாப் பாக்கலாம்!"

"காத்தடிக்குமே?"

"காத்து என்னத்தக் கிழிக்கும்? கெட்டியாப் போட்டா நிக்கும்!"

"நாளைக்கே ஆரம்பிச்சுரலாமா?"

"நாளைக்கு என்ன நாளைக்கு? இப்பவே ஆரம்பி!"

முந்தானைக்குள்ள இருந்த கைய வெளிய எடுத்தா. அதுல அவ போனு. நிதானமா வாய்க்கிட்டக் கொண்டு போனா.

"கேட்டீங்களா தம்பி? அவுக வாயாலயே சொல்லிட்டாக."

போனுக்குள்ள இருந்து கொத்தனாரு குரல் கணீர்னு வந்துச்சு. "நல்லாவே கேட்டுச்சு மதினி. விடியவும் வாரேன்."

மறுநாள் கடைக்கு லீவு. உச்சி வெயில். மேல முத்துகிருஷ்ணன் தகரத்தப் பிரிச்சுக் குடுக்க, ஏணியில நின்னு நான் வாங்கி எறக்குறேன். உள்ளங்கை பொசுங்குது. இந்தச் சூட்டுக்குக் கீழ நின்னுதான் எனக்கு மூணு வேளையும் ஆக்கிப் போட்டிருக்கா. நெசமாவே வெக்கமாப் போச்சு. பாவம், அவகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுருவோம்னு உள்ள எட்டிப் பாத்தேன்.

முருகலட்சுமி என் கட்டில்ல காலை நீட்டிப் படுத்திருந்தா. கையில என் போனு. அதுல இருந்து கண்ண எடுக்காமயே சொன்னா:

"ஏங்க, தகரத்த மெதுவா எறக்குங்க. சத்தத்துக்குக் கோழி மெரளுது."