பாறை ஓவியமும் பத்து மணி டெஸ்டும்

வண்டிச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் குடும்பத் தலைவர் என்பது கருப்பசாமியின் கொள்கை. அமெரிக்காவில் அவர்கள் இருந்த பேர்லேண்டில் ஒரு கேலன் பால் வாங்கவும் கார் வேண்டும், அந்த ஊர் மீனாட்சி கோயிலுக்குப் போகவும் கார் வேண்டும். மனைவி வள்ளி, மகள் கயலோடு எங்கே கிளம்புவதானாலும் முதல் நாளே அவனிடம் விண்ணப்பம் போட்டாக வேண்டும். ஆபீசில் அவன் பேச்சை ஈ காக்காய் கூடக் கேட்பதில்லை. அவனுக்கென்று மிச்சமிருந்த ஒரே மரியாதை அந்தச் சாவிதான்.

அதற்கும் ஒரு நாள் காலைப் பலகார வேளையில் ஆபத்து வந்தது.

"ஏனுங்க, ரைட்டன் டெஸ்ட் பாஸ் பண்ணி நாலு மாசமாச்சு. வர்ற வெள்ளிக்கிழமை காத்தால பத்து மணிக்கு டிரைவிங் டெஸ்டுங்க. வண்டி வேணும்" என்றாள் வள்ளி, தோசையைத் திருப்பிப் போட்டபடி.

கருப்பசாமி கணக்குப் போட்டான். வேண்டாம் என்று நேராகச் சொன்னால் வீடு கோர்ட்டாகிவிடும். ஆனால் வெள்ளிக்கிழமை ஊரிலேயே இல்லாவிட்டால்? நம் ஆள் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். ஐந்து வருஷமாக ஒரு நாள்கூட லீவு போடாதவன், அன்று ஆபீஸ் போனதும் முதல் வேலையாக இரண்டு நாள் லீவு போட்டான்.

"வெள்ளிக்கிழமை முடியாது போல இருக்குதே, புள்ள" என்றான் சாயங்காலம். "மேக்கால பாலைவனத்துல நாலாயிரம் வருசத்துப் பாறை ஓவியம் இருக்குது. கயலுக்குக் காட்டோணும்னு டூர் புக் பண்ணீட்டேன். கேன்சல் பண்ண முடியாதாம்."

"உங்களுக்கு ஓவியம்னா புடிக்குமுங்களா?"

"உசுரு."

சுவரில் தொங்கும் காலண்டர் படத்தைக்கூட அவன் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. வள்ளி நீளமாகப் பெருமூச்சு விட்டாள். "செரி, டெஸ்டை அப்புறம் பாத்துக்கலாமுங்க."

இவ்வளவு சுலபமாக ஜெயித்தால் யாராக இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். கருப்பசாமி சந்தோஷப்பட்டான்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். ஏழு மணி நேரம் ஓட்டினான். எட்டு வயசுக் கயல் பின்சீட்டில் பாட்டாகப் பாடினாள். வள்ளி புளிசாதம், வடகம், ரைஸ் குக்கர் என்று அரை சமையலறையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ராத்திரி மோட்டலில் குக்கர் ஆவிக்கு ஃபயர் அலாரம் அலறி, மேனேஜர் ஓடி வந்து, கடைசியில் இரண்டு வாய் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போனார். வள்ளி அப்படிச் சிரித்து அவன் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை, பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர்ச்சரிவில் ஏறினால் பாறைக் குடைவு. சுவர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக ஆளுயர உருவங்கள். இதற்கெல்லாம் என்ன பொருள் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றாள் கூட வந்த ரேஞ்சர் அம்மாள். கருப்பசாமிக்கு அந்தத் தயக்கமே இல்லை.

"பெருசா நிக்கறவன்தான் குடும்பத் தலைவன். சுத்தியும் சின்னச் சின்னதா இருக்கறது குடும்பம்."

"அவனெதுக்குங்க ரெண்டு கையையும் தூக்கீட்டு நிக்கறான்?"

"அதிகாரம்."

"நான் சரணாகதின்னு நெனச்சேன்."

கருப்பசாமி வாட்சைப் பார்த்தான். மணி சரியாகப் பத்து. மனசுக்குள் மேளம் கொட்டியது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அடடா, இந்நேரம் நீ டெஸ்ட்ல இருக்கோணும். பாவம்."

"அது போன மாசமே முடிஞ்சுதுங்க" என்று கைப்பையைத் திறந்தாள் வள்ளி. உள்ளேயிருந்து லைசென்ஸ் வந்தது. போட்டோவில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு வண்டியில?"

"நம்ம வண்டிதானுங்க, டிராயர்ல கெடந்த ரெண்டாவது சாவிய எடுத்துக்கிட்டேன். செவ்வாயும் வியாழனும் நீங்க ஆபீஸ்காரங்க வண்டியில கார்பூல்ல போயிடறீங்கல்ல? பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியக்கா கூட உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க."

"ஷி இஸ் ரியலி குட், அப்பா" என்றாள் கயல்.

"அப்பறம் எதுக்கு வெள்ளிக்கிழமை டெஸ்டுன்னு சொன்ன?"

"அஞ்சு வருசமா எங்கயாவது கூட்டீட்டுப் போங்கன்னு கேட்டேன். நீங்க லீவே போடல. டெஸ்டுன்னு சொன்னா அதைத் தடுக்கறதுக்காவது போடுவீங்கன்னு தோணுச்சு."

கோபம் வரும் என்று காத்திருந்தான். வந்தது வெட்கம்தான். அஞ்சு வருஷம் அவளை ஒரு பாலைவனத்துக்குக்கூட அழைத்துப் போகாத ஆசாமி நான் என்று மனசு குத்தியது.

மேலே ஏறி வருவதற்குள் முழங்கால் இரண்டும் கழன்றுவிட்டன. சாவியை அவனே நீட்டினான். வள்ளி சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் திருத்தி, எழுபது மைல் வேகத்தில் விட்டு ஒரு லாரியை ஓரங்கட்டினாள். தன்னைவிட நன்றாகவே ஓட்டுகிறாள் என்று அவனுக்குப் பட்டது. பெருந்தன்மை பொங்கியது.

"செரி புள்ள, இனிமே வருசம் ஒருக்கா லீவு போட்டுடறேன். அடுத்து எங்க போலாம்னு நீயே சொல்லு."

"கிராண்ட் கேன்யனுங்க. பள்ளிக்கூட ஸ்பிரிங் பிரேக்குக்கு மோட்டல்கூட புக் பண்ணீட்டேன்."

"அட. நம்ம மூணு பேருக்கும் ஒரே ரூம் பத்துமா?"

"பத்துமுங்க. நானு, கயலு, புஷ்பவல்லியக்கா. உங்களுக்குத்தான் லீவு கெடைக்காதுங்களே."